மூன்றாம் நம்பர் வேன் டிரைவரின் இரைப்பை

பள்ளங்கியிலிருந்து கொடைக்கானலுக்குப் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றி வரும் பள்ளி வேனுக்கு மூன்றாம் நம்பர். அதைப் பதினொரு வருடமாக ஓட்டியவர் ஜுபைர். அந்த ரோட்டில் எந்த வளைவில் எத்தனை மணிக்கு மேகம் இறங்கும், எந்த வீட்டுக் கோழி குறுக்கே ஓடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேனில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ஆள் நல்ல கனம். நூற்று நாற்பத்தாறு கிலோ. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் ஸ்டியரிங் வயிற்றில் உரசும். பிள்ளைகள் அவருக்கு ‘ஏர்பேக் அங்கிள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “ஆமாலே, மோதுனா நான்தான் முதல்ல உப்புவேன்” என்பார்.

ஒரு அக்டோபர் மாதச் சாயங்காலம். பள்ளி விட்டுப் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தார். பள்ளங்கிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு நீளமான இறக்கம். அந்த இறக்கத்தில் ஜுபைர் தூங்கிவிட்டார்.

ஒரே நொடிதான். இடது முன்சக்கரம் தாரை விட்டு இறங்கிச் சரளையில் தடதடவென்று ஓடிய சத்தத்தில் விழித்தார். ஸ்டியரிங்கை ஒடித்து மறுபடி ரோட்டில் ஏற்றினார். சரளைக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பூண்டுத் தோட்டம், படிப்படியாகக் கீழே, கீழே, கீழே.

பின்னால் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பயத்தில் இல்லை.

“அங்கிள், சூப்பர்! இன்னொரு தடவ! இன்னொரு தடவ!”

ஜுபைர் வேகத்தைக் குறைத்து, ஊர்ந்தே பள்ளங்கிக்கு வந்தார். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிவிட்டார். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு காலி வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வேன்களைக் கவனிக்கும் செல்வின் சார் அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே போய்ச் சாவியை மேசையில் வைத்தார்.

“தூங்கிட்டேன் சார்.”

“எங்கே?”

“ஸ்டியரிங்ல.”

செல்வின் பேனாவை மூடினார். “பிள்ளைங்க?”

“எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

“நேத்து சரியா தூங்கலையா ஜுபைர்? ரெண்டு நாள் லீவு எடுங்க, சரியாப் போகும்.”

“ஒம்பது மணி நேரம் தூங்குனேன் சார். தினமும் தூங்குறேன். அப்படியும் பகல்ல கண்ணு சொருகுது. ஒரு வருஷமா இப்படித்தான். இன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது.” சாவியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். “தூங்க மாட்டேன்னு நெசமாத் தெரிஞ்ச பெறகு வந்து கேக்குறேன். அதுவரைக்கும் வேற ஆளப் பாருங்க.”

மறுநாள் முதல் ராஜமுருகன் என்ற இளைஞர் வேனை ஓட்டினார். பெற்றோர்களுக்கு, ஜுபைருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லப்பட்டது. ஜுபைரும் அது போதும் என்றுதான் நினைத்தார்.

உள்ளூர் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். மதுரை ஆஸ்பத்திரியில் தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். கழுத்திலும் தொண்டையிலும் சேர்ந்த கொழுப்பு மூச்சுக்குழாயை அமுக்குகிறது. உடம்பு ஒன்பது மணி நேரம் படுத்துக் கிடக்கிறதே தவிரத் தூங்குவதில்லை.

“இவரு கொறட்டை விடுறாருன்னு நெனச்சேன்” என்றாள் மனைவி ஸைமா. “நடுவுல நின்னா, அப்பாடா நிம்மதின்னு நான் திரும்பிப் படுத்துக்குவேன் டாக்டர். மூச்சு நின்னதா அது?”

மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மாஸ்க்கும் காற்று ஊதும் மெஷினும் கொடுத்தார்கள். மதுரையில் எப்படியோ, கொடைக்கானல் குளிரில் அதன் குழாய்க்குள் தண்ணீர் கோத்து மூக்கில் சொட்டியது. ஜுபைர் தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார். ஸைமா ஒரு பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிக் குழாய்க்குச் சட்டை போட்டுவிட்டாள். சொட்டுவது நின்றது. ஆனாலும் பாதித் தூக்கத்தில் கழற்றும் பழக்கம் போகவில்லை. எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்று மெஷின் குறித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போட்டுக்கொடுத்தது.

இரண்டு மாதம் நடந்து பார்த்தார், சோற்றைக் குறைத்தார். நான்கு கிலோ போய் ஐந்து கிலோ வந்தது. அதன்பிறகுதான் டாக்டர் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி தைத்துவிடுவார்களாம். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

“மலை வாழைப்பழம் அளவுக்கா சார் மிஞ்சும்?”

“அதைவிடக் கொஞ்சம் நீளம்.”

“அதுல நான் என்னத்த சார் சாப்பிடுறது?”

“வேன் ஓட்டுறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு” என்றார் டாக்டர். ஜுபைர் அன்றே சம்மதித்துவிட்டார். ஆனால் டாக்டர் ஒன்று சொன்னார்: ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை. அதில் சரியென்று வந்தால்தான் ஸ்டியரிங்.

இருதயம், நுரையீரல், ரத்தம் என்று பரிசோதனைகள் முடியவே மேலும் ஒன்றரை மாதம் ஓடியது. தேதி கிடைத்தபோது ரமலான் நடந்துகொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும் என்று ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அனிட்டா ஒரு தாள் கொடுத்திருந்தாள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாக வேண்டும் என்பதால் அந்த வருடம் ஜுபைர் நோன்பு வைக்கவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. தெருவே நோன்பில் இருக்க, தான் மட்டும் பகலில் டம்ளரைத் தூக்குவது கூச்சமாக இருந்தது.

அவருடைய அண்ணன் சேக் பரீது கடைவீதியில் சால்வைக் கடை வைத்திருப்பவர். தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். முஸ்லிம் வீடு, இந்து வீடு என்று பார்க்காமல் யார் தூக்குவாளி கொண்டுவந்தாலும் ஊற்றுவார்கள். சேக் பரீது இரண்டு தூக்குவாளி கொண்டுபோவார். ஒன்று தன் வீட்டுக்கு. இன்னொன்று தம்பிக்கு.

“வேணாம்ணே, எனக்குத் தண்ணி ஆகாரந்தான்.”

“ஏலே, இது என்ன கெட்டியாவா கெடக்கு? சாய்ச்சா ஓடுது பாரு. நோன்பும் வைக்கல, கஞ்சியும் குடிக்கலன்னா உனக்கு அல்லாவோட பரக்கத்து எங்கலே கெடைக்கும்?”

சாய்த்துப் பார்த்தார்கள். ஓடியது. ஸைமாவும் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தாள். கஞ்சி கூடாது என்று எங்கும் எழுதியில்லை. ஜுபைர் நிம்மதியாகக் குடித்தார். தினமும் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லும் நேரத்துக்கு அண்ணனோடு உட்கார்ந்து, கையேந்தித் துஆ கேட்டு, ஊரோடு சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் குடித்தார்.

இரண்டு வாரம் முடிந்து மதுரைக்குப் போனால் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அனிட்டா எடைமெஷினைத் தட்டிப் பார்த்து, இன்னொரு தடவை ஏற்றினாள். அதே எண்தான்.

“என்னண்ணே குடிச்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“பவுடர் கலந்த பால், மோர், சூப்பு, அப்புறம் கஞ்சி.”

“என்ன கஞ்சி?”

“நோன்புக் கஞ்சிம்மா. தண்ணியாத்தான் இருக்கும்.”

“அதுல என்னவெல்லாம் போடுவாங்க?”

ஜுபைர் சொல்லத் தொடங்கினார். “பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காப்பாலு, கொஞ்சம் நெய்யி, கொத்துக்கறி...” சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“எத்தன டம்ளர்?”

“டம்ளர் இல்லம்மா. சொம்பு.”

அனிட்டா தலையில் கைவைத்துக்கொண்டாள். “அண்ணே, நீங்க பதினாலு நாளா பிரியாணியக் கரைச்சுக் குடிச்சிருக்கீங்க.”

நீர் ஆகாரத்தால் குறைய வேண்டிய கல்லீரல் வீக்கம் ஸ்கேனில் குறையவே இல்லை. அது இரைப்பையை மூடிக்கொண்டிருந்தால் வயிற்றுக்குள் கேமராவை விட்டு ஆபரேஷன் செய்ய முடியாது, ஆபத்து என்றார் டாக்டர். நோன்புப் பெருநாள் கழித்து வரச் சொன்னார். மூன்று வாரம் தள்ளிப் போனது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வேனை எடுத்துவிடலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஜுபைருக்கு அது ஜூலை ஆனது.

மலையேறும் பஸ்ஸில் ஸைமா சிரித்துவிட்டாள். “சொம்பாம்ல, சொம்பு. அந்தப் புள்ள முகத்தைப் பாத்தீங்களா?” ஜுபைர் சிரிக்கவில்லை. ஒரு வளைவில் எதிரே ஒரு பள்ளி வேன் வந்தது. அது கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சேக் பரீது இரண்டு தூக்குவாளியோடு புறப்பட்டபோது, ஜுபைரும் கூடவே பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே பெரிய அண்டாவின் பக்கத்தில் நின்று, ஊற்றுகிறவரின் கையிலிருந்து அகப்பையை வாங்கினார்.

“நான் ஊத்துறேன். என்னால குடிக்கத்தான் முடியாது. ஊத்த முடியும்ல?”

அன்று முதல் ரமலான் முடியும்வரை தினமும் கஞ்சி ஊற்றியது அவர்தான். இருநூறு தூக்குவாளிக்குக் குறையாது. ஆவி முகத்தில் அடிக்கும். கறியும் பட்டையும் மணக்கும். பாங்கு சொன்னதும் சட்டைப் பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடிப்பார். வீட்டுக்கு ஒரு சொட்டு எடுத்துப் போகமாட்டார். சேக் பரீது முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், வரிசையில் நின்ற ஆளிடம், “நம்ம தம்பிதான். வைராக்கியக்காரன்” என்றார். அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. அனிட்டா எழுந்து நின்று கைதட்டினாள்.

பெருநாள் முடிந்த மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் துளை. அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொன்னார்கள். வயிறு வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தார், வலித்தது தோள்பட்டை. உள்ளே நிரப்பிய காற்று அப்படித்தான் செய்யும், நடந்தால் போய்விடும் என்றார்கள். நர்ஸ் நடந்தது போதும் என்று சொன்ன பிறகும் வராந்தாவில் இன்னொரு சுற்றுப் போனார்.

மறுநாள் ஒரு மருந்துக் குப்பி மூடியில் தண்ணீர் கொடுத்தார்கள். அதைப் பதினைந்து நிமிடத்தில் குடிக்க வேண்டும். ஒரு மூச்சில் சொம்புத் தண்ணீர் குடித்தவர், அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆள் மாற்றி ஆள் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சு, பிஸ்கட், ஆட்டுக்கால் சூப். ஸைமா வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, “அவருக்குத் துஆ மட்டும் குடுங்க, சூப்ப எனக்குக் குடுங்க” என்பாள். இரண்டு வாரம் நீர், பிறகு இரண்டு வாரம் மசித்தது. மசித்த உணவின் முதல் நாள் இரண்டு ஸ்பூன் இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டார். நெஞ்சில் கல் மாதிரி நின்று, வாந்தியாகி, கண்ணில் நீர் வந்தது. அதன்பிறகு ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லுவார். ஸைமா சோற்றைப் போட்டுவிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு வந்து பார்த்தால் பாதி இருக்கும்.

“ஏங்க, வெரசா சாப்பிடுங்க, எனக்கு வேற சோலி இல்லையா?”

“சாப்பாடுதான் இப்ப என் சோலி.”

தலைமுடி கொட்டியது. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கியது. கடைவீதியில் பழகியவர்கள் “சுகர் ஏதும் இருக்கா?” என்று தணிந்த குரலில் கேட்டார்கள். வீட்டுக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் முன்பு ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். மே மாதக் கடைசியில் ஒரு நாள், நிற்காமல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதை வந்த பிறகுதான் கவனித்தார். மறுபடி கீழே இறங்கிப் போய், இன்னொரு தடவை ஏறி வந்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அதே வாரம் ராஜமுருகனுக்குப் பஸ் டிரைவர் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். செல்வின் சார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஜுபைர், நீங்க பாதி ஆளாயிட்டீங்க. நல்லாத்தானே இருக்கீங்க? வந்துருங்க.”

“பகல்ல தூக்கம் வர்றதில்ல சார். ஆனா டெஸ்ட் ஜூலைலதான்.”

“ஒரு மாசம்தானே. யாருக்குத் தெரியப் போகுது?”

ஸைமா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். ஜுபைர் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தார். எட்டு மாதமாக அந்தக் கை ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

“அன்னிக்கும் யாருக்கும் தெரியாதுன்னுதானே சார் இருந்துச்சு. டெஸ்ட் முடியட்டும்.”

கடைசியில் செல்வினே ஓட்டினார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் இல்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளாக ஜுபைர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏர்பேக் எங்கே போச்சு என்று பிள்ளைகள் அவர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

“சார், செகண்டு.”

“தெரியும்யா.”

“சார், பிரேக்க அமுக்கிட்டே இருக்காதீங்க. மணக்குது பாருங்க.”

“நீங்க ஓட்டவும் மாட்டீங்க, ஓட்ட விடவும் மாட்டீங்க!”

அந்த ஒரு மாதத்தில் ஏழு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஏழு தடவையும் கழுவியது ஜுபைர்தான்.

ஜூலை நடுவில் மதுரையில் மறுபடி ஒயரெல்லாம் ஒட்டித் தூங்கினார். காலையில் டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்திரண்டு என்று இருந்த இடத்தில் ஏழு. எடை நூற்று ஒன்பது. மாஸ்க்கை இன்னும் கொஞ்ச காலம் விடக்கூடாது, ஆனால் வேன் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜுபைர் அந்தத் தாளை மடிக்கவே இல்லை. மடியில் விரித்தபடியே மலையேறினார்.

ஆனால் சாவியைக் கேட்பதற்கு முன், அவர் செல்வினிடம் வேறொன்று கேட்டார். சனிக்கிழமை நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் தான் பேச வேண்டும்.

“என்னத்தப் பேசப் போறீங்க?”

“அன்னிக்குத் தூங்குனத.”

“உங்களுக்கு என்ன பைத்தியமா? டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு.”

“டாக்டருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். புள்ளைய அனுப்புறவங்களுக்குத்தான் தெரியல.”

கூட்டத்தில் எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். எந்த இறக்கம், எந்தச் சக்கரம், எவ்வளவு நேரம் என்று எல்லாம் சொன்னார். பள்ளங்கியில் பூண்டு விவசாயம் செய்யும் சுகன்யா எழுந்தாள். அவள் மகள் நதியா நான்காம் வகுப்பு.

“எம்புள்ள அன்னிக்கு உள்ள இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா. ஜன்னலோரம்.”

“ஒம்பது மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க?”

“அன்னிக்கே சொல்லிருக்கணும். சாவியக் குடுத்துட்டா போதும்னு நெனச்சிட்டேன். தப்புதான்.”

“தப்புதான்” என்று அவளும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் தாளை வாங்கிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். ஒருவர் ஜுபைரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுகன்யா யாரோடும் பேசாமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஜுபைர் வேனை எடுத்தார். சீட்டை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. பள்ளங்கியில் பதினேழு பிள்ளைகள் ஏறினார்கள். நதியா இல்லை. அவளை அம்மா அரசு பஸ்ஸில் கூட்டிப் போனாள். செவ்வாயும் அப்படித்தான். புதனும். ஜுபைர் அவர்கள் வீட்டு முன்னால் தினமும் இரண்டு நிமிடம் வேனை நிறுத்திவிட்டுத்தான் போனார். ஹாரன் அடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நதியா பையோடு நின்றாள். பக்கத்தில் சுகன்யாவும் நின்றாள், காலில் தோட்டத்து மண்ணோடு.

“நானும் வருவேன்” என்றாள்.

“வாங்கம்மா.”

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். ஜுபைர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அவள் கண்கள் நேராக அவர் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. சரி, பார்க்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டார். முதல் வளைவில் பார்த்தாள். இரண்டாவது வளைவில் பார்த்தாள். சரளை ஓரமாக வந்த அந்த நீள ஏற்றத்தில், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தாள். ஜுபைர் இரண்டாம் கியரில் நிதானமாக ஏற்றினார். வேன் அலுங்கவில்லை.

ஏற்றம் முடிந்து இரண்டு வளைவு தாண்டியதும் பிள்ளைகள் கிசுகிசுவென்று சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தார். விடியுமுன் எழுந்து பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த சுகன்யா, ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஷ்ஷ்” என்றார் ஜுபைர். மிச்ச ரோட்டை ஒரு குழியில்கூட இறக்காமல் ஓட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றதும் அவள் திடுக்கிட்டு விழித்தாள். பிள்ளைகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தூங்கலங்க. சும்மா கண்ண மூடிருந்தேன்.”

“நானும் அன்னிக்கு அப்படித்தாம்மா நெனச்சேன்.”

முதலில் முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். மகளை இறக்கிவிட்டு, படியில் நின்று திரும்பினாள்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க? எனக்குத் தோட்டத்துல வேல கெடக்கு. இவ மட்டுந்தான் நிப்பா.”

“ஏழே காலுக்கு வந்துருவேன்” என்றார் ஜுபைர்.